அப்டேட்: 14 வருஷம் கழிச்சு சீனாவுல இருக்குற ஷென்ஜென் போய்ட்டு வந்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, 2010ல நோட்டு எண்ணிக் குடுத்து சுத்துன ஊரு, இப்ப எல்லாமே க்யூஆர்னு சொல்றாங்க, நம்ம கார்டு வேலை செய்யுமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

ஊர்லயே அலிபே (சீனாவுல பணம் கட்டுற ஆப்) போட்டு, பாஸ்போர்ட் வெரிஃபை பண்ணி, விசா கார்டை சேர்த்துட்டுப் போங்கன்னு ஒருத்தர் சொன்னீங்க, அதுதான் கை குடுத்துச்சு. 200 யுவானுக்குள்ள கட்டணமே இல்ல, தாண்டினா 3%, அதனால ஹோட்டல் பில்லுக்கு மட்டும் கொஞ்சம் கூட போச்சு. ரெண்டாவது நாள் தெருவோரம் பழம் விக்கிற பாட்டிகிட்ட 100 யுவான் நோட்டை நீட்டினேன், சில்லறை இல்லம்மான்ற மாதிரி கையாட்டிட்டு, தராசுல தொங்குற க்யூஆர் அட்டையைத் திருப்பிக் காட்டினாங்க.

கூகுள் மேப்பை நம்பாதீங்க, சாலையே தள்ளித் தள்ளிக் காட்டுது, அமேப்னு ஒரு சீன மேப் ஆப் சரியா இருந்துச்சு.

எதிர்பாக்காதது சத்தம் குறைஞ்சதுதான். பஸ் எல்லாத்தையும் 2017லயே எலக்ட்ரிக் ஆக்கிட்டாங்க, அன்னைக்கு ஹாரனும் புகையுமா இருந்த ஹுவாச்சியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் ரோடு இப்ப நடக்குறவங்களுக்கு மட்டும், நடுவுல நின்னா பக்கத்துல பேசுறவங்க குரல் கேக்குது, எனக்கு நிஜமாவே கண்ணு கலங்கிருச்சு. அந்த மார்க்கெட் கட்டடங்க உள்ள மாடிகள்ல ரெசிஸ்டர், எல்இடி விக்கிற சின்னச் சின்னக் கவுன்ட்டருங்க இன்னும் இருக்கு.