கதை எழுதப் பட்டம் வேண்டுமா? பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களுக்கான விவாதம்

கடைமடை:
பள்ளியை முடிக்காத ஒருவர் கதை எழுத வழி கேட்டால், "முதலில் தமிழ் பி.ஏ. சேருங்கள்" என்று பதில் வந்துவிடுகிறது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. கி.ராஜநாராயணன் எழுத வந்ததே முப்பது வயதுக்கு மேல். 1991இல் சாகித்திய அகாதெமி விருது. நம் தஞ்சைப் பக்கத்தில் பட்டம் வாங்கிய எழுத்தாளர்களும் இலக்கியம் படித்து வரவில்லை. மௌனி படித்தது கணிதம், எம்.வி.வெங்கட்ராம் பொருளாதாரம். அவர்களுக்குக் கதையைக் கல்லூரியா சொல்லித் தந்தது?

அரிசிலாறு:
அண்ணே, பாதியைத்தான் சொன்னீர்கள். ஜெயகாந்தன் சிறு வயதிலேயே கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர். புத்தகம், விவாதம், அச்சுக்கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கி.ரா.வுக்குச் சொந்த ஊரான இடைசெவலிலேயே எழுத்தாளர் கு.அழகிரிசாமி இருந்தார். இரண்டு பேருக்கும் இலக்கியம் பேச ஆள் கிடைத்தது. முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைக்கு அந்த ஆள் யார்? கல்லூரி அதைத்தான் கொடுக்கிறது: வரிசையாகப் படிக்க வைக்கிறது, தப்பைச் சுட்டிக்காட்டுகிறது. அது இல்லாமல் எழுதியவற்றைப் பாருங்கள். இறந்த காலத்தில் தொடங்கிய கதை நாலாவது பத்தியில் "வருகிறான், பார்க்கிறான்" என்று மாறியிருக்கும். அம்மாவின் மனசுக்குள் இருந்த கதை, ஒரே காட்சிக்குள் மகன் மனசுக்குத் தாவி, நாய் மனசுக்கும் போய்விடும். எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது.

வெண்ணாறு:
நோய் நீங்கள் சொன்னதுதான் தம்பி. மருந்துக்கு மூன்று வருடப் படிப்பு தேவையில்லை.

காலம் மாறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. எழுதி முடித்ததும் 'வந்தான்', 'பார்க்கிறான்' போன்ற வினைமுற்றுகளை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். பத்து நிமிட வேலை. தடம் மாறிய இடம் பளிச்சென்று தெரிந்துவிடும். மனசு தாவுவதற்கு: ஒவ்வொரு பத்தி ஓரத்திலும், இதைப் பார்ப்பது யார் என்று ஒரு எழுத்துப் போடுங்கள். ஒரு காட்சிக்குள் இரண்டு எழுத்து வந்தால் ஒன்றை வெட்டுங்கள்.

சந்திக்கு நன்னூல் முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. 'ஐ', 'கு' வேற்றுமை உருபுகளுக்குப் பின்னும், அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னும் வல்லினம் மிகும். 'வந்த', 'தந்த' போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்தது, தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. இவ்வளவு கைக்கு வந்தாலே பெரும்பாலான பிழை போய்விடும்.

படிக்க ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் இலவசமாகப் படிக்கலாம். பிடித்த சிறுகதை ஒன்றைக் கையால் அப்படியே படியெடுங்கள், தினம் ஒரு பக்கம். வாக்கியம் எங்கே முடிகிறது, பேச்சு எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குப் படியும்.

கடைமடை:
படியெடுப்பதில் எனக்குப் பயம் உண்டு அக்கா. நம் பக்கத்தில் எழுத வருகிறவர்கள், அக்கிரகாரப் பேச்சை எழுதிய தி.ஜானகிராமனில் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து, அக்கிரகாரத்தில் கால் வைக்காத பிள்ளையின் கதையில் எல்லாரும் "வாங்கோ, சாப்டுட்டேளா" என்று பேசுகிறார்கள். காதில் விழாத பேச்சை எழுதினால் இரண்டாவது வரியிலேயே பொய் தெரியும். நடவுக்காரம்மா பேச்சும், நெல் கமிஷன் கடைக்காரர் பேச்சும் இவர்கள் காதில் தினமும் விழுகிறதே, அதை எழுதட்டும்.

வெண்ணாறு:
அதனால்தான் ஒரே ஆசிரியரைப் படியெடுக்கக் கூடாது. நாலு பேரை எடுங்கள், நாலும் நாலு வட்டாரமாக இருக்கட்டும். வட்டாரப் பேச்சை எழுதும்போதும் ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் கொண்டுவரப் பார்த்தால் வாசகர் தடுக்கி விழுவார். அந்த ஆளிடம் திரும்பத் திரும்ப வருகிற மூன்று நாலு சொல்லை மட்டும் பிடித்தால் போதும்.

அரிசிலாறு:
சரி. ஆனால் வாழ்க்கை தெரிந்தாலே எழுத்து வந்துவிடும் என்பதும் தப்பு. வயலிலேயே கிடக்கிறவர்கூட எழுத உட்கார்ந்ததும் "அவன் மிகுந்த சோகத்துடன் வயலைப் பார்த்தான்" என்றுதான் எழுதுகிறார். ஏன்? அச்சில் பார்த்தது அந்த வாக்கியத்தைத்தான்.

கடைமடை:
அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். "மடையைத் திறந்துவிட்டவன் வரப்பில் உட்கார்ந்தான். வயல் நிரம்பிப் பக்கத்து வயலுக்கு வழிந்தது. எழுந்திருக்கவில்லை." சோகம் என்ற சொல்லே வரவில்லை. தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போவதை ஒரு விவசாயி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்தான் இதை எழுத முடியும். படித்தவர்கள் எழுதும் கதைகளில் பொங்கலுக்குக் குறுவை அறுக்கிறார்கள்! ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைக்கு இன்னும் பல நாள். குறுவை சுமார் 110 நாள் பயிர். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் கதிர் அறுத்துவிடுவார்கள். தையில் களத்துக்கு வருவது சம்பா. இந்தப் பிழையைத் திருத்த எந்த வகுப்பும் இல்லை.

அரிசிலாறு:
ஒப்புக்கொள்கிறேன். பட்டம் வேண்டும் என்பதை விட்டுவிடுகிறேன். திருத்த ஆள் வேண்டும் என்பதை விடமாட்டேன். நாலு பேர் சேருங்கள். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டே கதை, ஒவ்வொன்றும் 2,000 வார்த்தைக்குள். கதையை எழுதியவர் வாசிக்கக் கூடாது, இன்னொருவர் உரக்க வாசிக்கட்டும். எழுதியவர் வாசித்தால் தடுக்குகிற வாக்கியத்தையும் குரலால் சரிக்கட்டிவிடுவார். வேறொருவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே கோடு போடுங்கள். பேச்சு முடியும்வரை எழுதியவர் விளக்கம் சொல்லக் கூடாது. "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்கிற நண்பரை அந்த ஞாயிற்றுக்குக் கூப்பிடாதீர்கள்.

வெண்ணாறு:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. முதலிலேயே நாவலில் இறங்கிவிடுகிறார்கள், அறுபதாம் பக்கத்தில் நின்றுபோகிறது. பத்துச் சிறுகதையை முடித்துப் பழகட்டும். எழுதியதை இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு, முதல் பத்தியை வெட்டிப் பார்க்கட்டும். பெரும்பாலும் கதை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். இதழுக்கு அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பட்டும். பழைய எழுத்துருவில் போனால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும்.

கடைமடை:
கையெழுத்தில் எழுதுகிறவர்களுக்கு யார் தட்டச்சு செய்து தருவது அக்கா?

வெண்ணாறு:
அந்த நாலு பேரில் ஒருவர். இல்லையென்றால் கைப்பேசியில் குரல் வழியாகவே தட்டச்சு செய்யலாம். சந்தியையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் பிறகு கையால் போட வேண்டும்.