பத்து வருட ஸ்பிரிங் பூட் ஆள் தேடிய அனுபவம்

கிண்டிக்காரன்:
கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றில் ரெக்ரூட்டராக இருக்கிறேன். "எச்ஆர் போனே எடுப்பதில்லை" என்று இங்கே நிறையப் பேர் புலம்புகிறார்கள். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

2021. ஆள் கிடைக்காமல் ஐடி கம்பெனிகள் அலைந்துகொண்டிருந்த நேரம். சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியின் எச்ஆர் ஜேடி (என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள் என்ற குறிப்பு) அனுப்பினார்: ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா மொழியில் புரோகிராம் எழுத உதவும் கருவி) பத்து வருட அனுபவம், இமீடியட் ஜாயினர், அதாவது உடனே வந்து சேரக்கூடியவர். ஸ்பிரிங் பூட்டின் முதல் பதிப்பு வந்ததே 2014-ல்தான். அதைச் சொன்னேன். "மேனேஜர் கேட்டது இதுதான், ஜேடிப்படி அனுப்புங்க" என்றார். மேனேஜரிடம் நேரே பேச எங்களுக்கு அனுமதி கிடையாது, எல்லாம் எச்ஆர் வழியாகத்தான்.

ரெஸ்யூமில் ஆறு வருடம் என்று உண்மையை எழுதியவர்கள் ஸ்க்ரீனிங்கிலேயே கழன்றார்கள். கூசாமல் பத்து என்று போட்டவர்கள் இன்டர்வியூ வரை போய் மேனேஜரிடம் மாட்டினார்கள். அவர் எச்ஆரிடம் கத்த, எச்ஆர் எங்களிடம் கத்த, வாரங்கள் ஓடின. கடைசியில் மூன்று தரப்பும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மேனேஜர் கேட்டது ஜாவாவில் பத்து வருடம். ஸ்பிரிங் பூட்டில் வேலை பார்த்திருந்தால் போதும். பழைய ஜேடி ஒன்றில் எச்ஆர் ஸ்பிரிங் பூட்டைச் சேர்க்கும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது. அரை மணி நேரப் பேச்சு, முதல் நாளே பேசியிருக்கலாம்.

இமீடியட் ஜாயினர் தனிக் கூத்து. அந்தக் கம்பெனியிலேயே நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாள்!

டீம் லீட்:
மேனேஜர் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் இடத்தில் ஓர் ஆள் வேண்டும் என்றால் டெலிவரி ஹெட், ஃபைனான்ஸ் இருவரும் ஓகே சொன்ன பிறகுதான் எச்ஆர் பொசிஷனைத் திறக்கும். அதற்குள் கிளையன்ட் மனம் மாறியிருப்பார். உங்களுக்கு வரும் "ஆன் ஹோல்ட்" மெயிலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான். ஆனால் இன்டர்வியூ முடித்துவிட்டு ஃபீட்பேக் எழுதாமல் எங்களில் பலர் இழுத்தடிப்பதும் உண்மை. அந்தத் திட்டை வாங்குவது எச்ஆர்.

சிறுசேரி எச்ஆர்:
வாங்குகிறோம் சார், வாங்குகிறோம். ஆனால் எங்களுக்கும் மேனேஜருக்கும் பெரிய சண்டை சம்பளத்தில்தான். "நல்ல பையன், கேட்டதைக் கொடுங்க" என்பார். கொடுத்தால், அதே டீமில் அதே வேலை பார்க்கும் பழைய ஆளைவிட அவருக்கு அதிகமாகிவிடும். இதெல்லாம் ஒரு வாரம்கூட ரகசியமாக இருக்காது. சரி, பேசி முடித்து ஆஃபர் கொடுத்தால், அந்த 90 நாளில் அதைக் காட்டியே இன்னோர் இடத்தில் பேரம் பேசுகிறார்கள். அதனால் தேவைக்கு மேலேயே ஆஃபர் கொடுத்து வைக்கிறோம். எல்லோரும் சேர வந்துவிட்டால் திண்டாட்டம்.

பெஞ்ச்வாசி:
ஒரே வேலைக்கு ரெண்டு கன்சல்டன்சி கூப்பிட்டால் என்ன செய்வது?

கிண்டிக்காரன்:
ஒருவர் வழியாக மட்டும் போங்கள். ஆள் சேர்ந்தால் எங்களுக்கு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது பரவலான கணக்கு. அதைக் கம்பெனிதான் கொடுக்கும். உங்களிடம் காசு கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ஒரே ரெஸ்யூமை ரெண்டு பேர் அனுப்பினால் கமிஷன் யாருக்கு என்று தகராறு வரும். தலைவலி வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிய எச்ஆர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், கம்பெனி பெயரைச் சொல்லாமல் ரெஸ்யூம் கேட்டால் அனுப்பாதீர்கள். எங்கள் ஆட்களே சில சமயம் அப்படிக் கேட்பார்கள், விடாதீர்கள்.