குடிய விட்டு 23 நாள் ஆச்சு, மன்னார்குடி பக்கம் மீட்டிங் எங்க நடக்குது?

வணக்கம் மக்களே, நமக்கு மன்னார்குடி பக்கம் கடைமடை கிராமம், ஆறு மா நெலம். மேட்டூர்ல ஜூன் 12 தொறக்கலன்னு குடிச்சேன், தொறந்த வருஷமும் குடிச்சேன், அதனால காவிரி மேல பழி போட முடியாது பாருங்க. இந்த தடவ ராத்திரி மொறத்தண்ணிக்கு மடைய தொறக்காம மோட்டார் கொட்டாய்லயே விழுந்து கெடந்தேன், நாத்தங்கால் வெடிச்சு நாத்து நுனியெல்லாம் சருகாட்டம் ஆயிடுச்சு, வீட்ல ஒண்ணும் சொல்லாம தோட்ட கழட்டி குடுத்தாங்க அடகு வைக்க. அத மீக்கிறது என் பொறுப்பு, செய்வேன். ஆனா உருப்படாத பயன்னு என்னய நானே திட்டிக்கிட்டு இருந்தா சாயங்காலம் கால் தானா கடைக்குத்தான் போவுது, பட்டு பாத்துட்டேன்.

மொத நாலு நாள் டீ கிளாஸ் புடிக்க முடியாத அளவு கை நடுக்கம், டக்குனு நிறுத்துனா சிலருக்கு வலிப்பு கூட வரும்னு டாக்டர் மாத்திரை குடுத்தாரு (யாரும் தனியா ட்ரை பண்ணாதீங்க). 14416க்கு (அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல ஹெல்ப்லைன்) போன் போட்டேன், தமிழ்லயே பொறுமையா பேசுனாங்க.

இப்ப ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நெனைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் தொணையா கூடுற குழு) மீட்டிங் மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர்ல எங்க, எந்த கிழமை நடக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே. கடைசி பஸ்ஸுக்குள்ள முடியுமா? அப்புறம் இந்த சாயங்காலம் ஆறு மணிய எப்டி தாண்டுனீங்க, விட்டவங்க சொல்லுங்க. இன்பாக்ஸ்ல வந்தாலும் சரி.