கொந்தரப்பு வேலைக்குப் போகிற இடத்தில் பாதுகாப்பு விதி: செலவு யார் தலையில்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கூரை பாஸ், ஹட்டன்

நான் கூரை வேலையும் வெல்டிங்கும் எடுத்துச் செய்கிற சின்னக் கொந்தரப்புக்காரன். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலை பெக்டரிகளில்தான் பெரும்பாலும் வேலை, இடைக்கிடை மின் நிலையங்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்த தம்பிமார் சிலர், கேட்டில் கையெழுத்து வாங்குகிற அந்தப் பாதுகாப்பு விதித்தாளைப் பற்றிக் கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாளில் இருப்பது முக்கால்வாசி நல்ல விதிகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரமும் சாமானும் ஆளும் வேண்டும். அந்தக் காசு உங்கள் கொட்டேஷனில் இல்லையென்றால், வேலை நடக்கும்போது அந்த விதியும் இருக்காது. தாளில் மட்டும் இருக்கும்.

ஒரு தோட்டத்து பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு மேலே உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுகளை மாற்றக் கேட்டார்கள். நான் போய்ப் பார்த்து, ஏறி நடக்கப் பலகை, கீழே வலை, பெல்ட் மாட்ட உயிர்க்கயிறு, கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுக்க ஒருவர் என்று எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் போட்டு விலை கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு, நீங்க சீட்டுக்கு மட்டும் விலை சொல்லுங்க" என்றார்கள். நான் குறைக்கவில்லை. வேலை வேறு ஒருவருக்குப் போனது. அவர் கூட்டிப்போன பையன் பாசி பிடித்த சீட்டில் கால் வைத்து, சீட்டோடு சேர்ந்து மாடித் தளத்தில் விழுந்தான். உயிர் இருக்கிறது, இடுப்பு எலும்பு முறிந்து இன்னும் நேராக நடக்க முடியவில்லை. அந்தப் பையனுக்கு பெல்ட் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்காத விஷயம். பெல்ட் இருந்தது, மாட்ட ஓர் இடம் இல்லை.

பெல்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் விளக்குவதில்லை. அதிர்ச்சி தாங்கும் பை வைத்த ஆறடிக் கயிறு, ஆள் விழும்போது முதலில் கயிற்று நீளம் முழுக்கப் போகும், பிறகு அந்தப் பை கிழிந்து இன்னும் மூன்று, நான்கு அடி நீளும், அதோடு ஆளின் உயரம். எல்லாம் சேர்த்தால் மாட்டிய இடத்துக்குக் கீழே ஐந்து, ஐந்தரை மீற்றர் வெற்றிடம் தேவை. வாட்டும் மாடியில் கூரைக்கும் தளத்துக்கும் நடுவே அந்த உயரம் எங்கே இருக்கிறது? கயிறு இழுத்துப் பிடிக்கும் முன்பே ஆள் தளத்தில் இருப்பான். அதனால் அங்கே பெல்ட்டை மட்டும் நம்ப முடியாது. குட்டைக் கயிறை மேலே மாட்ட வேண்டும், இல்லையென்றால் சீட்டுக்கு அடியிலேயே வலை கட்ட வேண்டும். பலகையும் குறைந்தது இரண்டு குறுக்குச் சட்டங்களிலாவது தாங்கிப் படுக்கிற நீளம் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடிச் சீட்டுகள் புகையும் பாசியும் ஏறி மற்றச் சீட்டு மாதிரியே தெரியும், ஏறுவதற்கு முன் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து அவற்றை அடையாளம் போடுங்கள். ஆணி வரிசையில் மிதித்து நடந்தால் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். காய்ந்த நாளில் அவர்களுக்குப் பழகிய கால். பனியில் பையனுக்கு அது சரிவராது.

அப்புறம் தூசு. அஸ்பெஸ்டஸ் சீட்டை கிரைண்டர் போட்டு வெட்டவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுச் சீட்டாக இறக்க வேண்டும். துணி மாஸ்க்கால் அந்த நாரைத் தடுக்க முடியாது. நெஞ்சுக்குள் போனால் வருத்தம் வெளியே தெரிய இருபது, முப்பது வருஷம் ஆகும், அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். கூரைச் சீட்டில் இருக்கிற வெள்ளை அஸ்பெஸ்டஸின் இறக்குமதியையும் 2018 ஜனவரியிலிருந்து படிப்படியாக நிறுத்துவதாக இருந்தார்கள். அதற்குள் 2017 டிசம்பரில் ரஷ்யா ஒரு பூச்சியைக் காட்டி நம் தேயிலையை நிறுத்தியது, அஸ்பெஸ்டஸ் தடையும் தள்ளிப்போனது, தேயிலை மறுபடி கப்பல் ஏறியது. நம் கொழுந்தும் நம் தலைக்கு மேலே இருக்கிற சீட்டும் ஒரே பேரத்தில் வந்த கதை இது. தேயிலை பெக்டரியில் கூரை வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இறக்கிய உடைசல் எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்புத்தான். லயத்துக் குசினிக்கு மேலே போட, கோழிக்கூட்டுக்கு, மரக்கறிப் பாத்திக்கு வரம்பு கட்ட என்று ஆட்கள் வந்து கேட்பார்கள். கஷ்டத்தில் கேட்கிறார்கள், இல்லை என்று சொல்ல மனம் வராது. ஆனாலும் கொடுக்காதீர்கள். கட்டிப் பொதி செய்து, எங்கே கொண்டுபோவது என்று பெக்டரியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த லொறிக் கூலியும் கொட்டேஷனில் ஒரு வரி.

லைன் தம்பி, பண்டாரவளை

பாஸ் அண்ணன் சொன்ன வரிகளோடு என் பங்குக்கு ஒன்று: பூட்டு.

நான் மோட்டர், பேன் வயரிங் வேலை. ஓர் இடத்தில் கொழுந்து வாட்டும் தொட்டியின் பேனைச் சுற்றவைக்கிற பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தோம். மெயின் சுவிச்சை இறக்கி, "வேலை நடக்கிறது" என்று எழுதிய மட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஷிப்ட் மாறியது. கொழுந்து வந்துவிட்டது, காற்று வேண்டும் என்று புதிய ஷிப்ட் ஆள் வந்து மட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு சுவிச்சைத் தூக்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, தொட்டிக்குப் பின்னால் நாங்கள் இருந்தது அவருக்குத் தெரியாது. என் கூட்டாளி கையை வெளியே எடுத்து ஒரு மூச்சு விட்டிருப்பான், பேன் சுற்றத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் என் பூட்டு இல்லாமல் எந்த மெஷினிலும் கை வைப்பதில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் அவனவன் பூட்டு, சாவி அவனவன் பொக்கட்டில். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், டெஸ்டரால் மூன்று பேஸையும் பார்க்க வேண்டும், பார்க்கும் முன்பும் பின்பும் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் இருக்கிற வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பூட்டுத் துளை இல்லாத பழைய சுவிச்சாக இருந்தால் ப்யூஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான், ஆனால் "கரண்ட் நிப்பாட்டின நேரத்துக்குக் காசு இல்ல" என்று கணக்குப் பார்க்கிற இடங்கள் இருக்கின்றன.

ஓய்வு டீமேக்கர், லிந்துலை

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பெக்டரிக்கு உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் நெருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய பெக்டரிகளில் மரத் தளம், மரச் சட்டம். அரித்துப் பிரிக்கிற அறையில் பஞ்சு மாதிரித் தேயிலைத் தூள் எழும்பி ஒவ்வொரு சட்டத்தின் மேலும் படிந்து கிடக்கும். வெல்டர் தம்பி வந்து ஒரு பிராக்கட் ஒட்டுவார், பத்து நிமிஷ வேலை, போய்விடுவார். பொறி பத்து மீற்றர் வரைக்கும் தெறிக்கும். தூளில் விழுந்த பொறி உடனே எரியாது. புகை கூடத் தெரியாமல் உள்ளே கனன்று, ராத்திரி எல்லாரும் போன பிறகு பிடிக்கும். அதனால் என் காலத்தில் நான் மூன்று காரியம் கேட்பேன். முந்தின நாளே சட்டங்களைத் துடைத்திருக்க வேண்டும். கீழேயும் சுவருக்கு மறுபக்கமும் நனைத்த சாக்கு போட்டிருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஓர் ஆள் வாளியோடும் நெருப்பணைக்கும் கருவியோடும் அங்கேயே நிற்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆளை யார் வைப்பது என்றுதான் எப்போதும் சண்டை வரும். பெக்டரி வைக்க வேண்டும் என்பது என் கருத்து, அந்தக் கட்டடத்தைத் தெரிந்தவன் பெக்டரி ஆள்தான்.

கொட்டகலைத் தங்கச்சி

நான் ஒரு கட்டுமான சைட்டில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். இங்கே பெரும்பாலும் கொந்தரப்புக்காரர் பக்கமிருந்துதான் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து வாங்குகிற பக்கத்தில் இருப்பவள் நான்.

வேலை தொடங்க அனுமதி கொடுக்கிற எங்கள் பர்மிட் தாள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் இருந்தது. வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பையன்கள். வேலை இறங்கும் இடத்திலேயே வைத்துத் தமிழில் சொல்லி, கடைசியில் "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, இங்க எது ஆபத்து?" என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினேன். தலையாட்டிக்கொண்டு போனவர்கள் அப்போதுதான் வாயைத் திறந்தார்கள். ஒரு பையன், "அக்கா, அந்தக் குழிக்குள்ள போன கிழமை இறங்கினவருக்குத் தலை சுத்தினிச்சு" என்றான். யாரும் எங்களுக்கு அறிவிக்கவே இல்லை. குழியை மூடிவிட்டு வாயு பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் செய்தேன். மேலே சரி, நடுவில் சரி, அடியில் ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் கீழே. கழிவு அழுகுகிற குழிகளில் அடியில்தான் கெட்ட வாயு தங்கும், மேலே நின்று முகர்ந்து பார்த்து இறங்குகிறவர்கள் திரும்பி வருவதில்லை, அவர்களைக் காப்பாற்ற இறங்குகிறவர்களும் அப்படியே. எண்ணெய்த் தாங்கி, அணைக்கட்டுக் குழாய், சுத்திகரிப்புத் தொட்டி எல்லாவற்றுக்கும் இதுதான். மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும், தூக்கி எடுக்கக் கயிறும், அதை மாட்டக் குழிக்கு மேலே நிறுத்துகிற மூன்றுகால் சட்டமும் இருக்க வேண்டும். இறங்குகிறவர் அந்தக் கருவியின் எண்ணைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

மண் வெட்டுகிற வேலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை நாம் யாரும் மறக்கவில்லை. எங்கள் சைட்டில் மழைமானி வைத்திருக்கிறோம், 75 வந்ததும் சரிவின் கீழே வெட்டுகிறவர்களை மேலே எடுத்துவிடுவோம். புல் வெட்டும் முன்பும் கிரைண்டர் போடும் முன்பும் குளவிக் கூடு இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பதும் எங்கள் பட்டியலில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த தாளில் அது இல்லை, நாங்கள்தான் சேர்த்தோம்.

புதுசு, மஸ்கெலியா

பாஸ் அண்ணன், ஒரு சந்தேகம். சப் கொந்தரப்பில் போன ஆளுக்கு அடிபட்டால் நட்டஈடு யார் தருவது? என் மச்சானுக்குக் கை போனபோது, "வீட்ல விழுந்ததுன்னு ஆஸ்பத்திரியில சொல்லு, செலவ நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். அவனும் அப்படியே சொன்னான். முதல் மாசம் கொடுத்தார்கள், அப்புறம் போனை எடுப்பதில்லை.

கூரை பாஸ், ஹட்டன்

தம்பி, மச்சானுக்கு நடந்தது பெரிய அநியாயம். இப்படிச் சொல்லச் சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் சப் கொந்தரப்பு ஆளுக்கும் பொருந்தும். முதலில் பொறுப்பு, கூட்டிப்போன கொந்தரப்புக்காரருக்கு. ஆனால் வேலை கொடுத்த இடத்தின் வழமையான தொழிலில் சேர்ந்த வேலையாக இருந்தால் அந்த இடத்தாரிடமும் கேட்கலாம். கூரை வேலை அப்படிப்பட்டதா இல்லையா என்று வாதம் வரும், அதனால்தான் நான் பையன்களுக்குக் காப்புறுதி எடுத்து அதையும் கொட்டேஷனில் போடுகிறேன். பெக்டரியில் நடந்த விபத்தால் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி அதைத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். "வீட்ல விழுந்தது" என்று சொல்ல வைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

மச்சானை ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆஸ்பத்திரித் துண்டு, அன்றைக்கு கேட் புத்தகத்தில் பெயர் எழுதியிருந்தால் அந்தத் திகதி, கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர், காசு அனுப்பிய வங்கிச் சீட்டு, போன் மெசேஜ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கேட் புத்தகம் முக்கியம், அவர் அங்கே இருந்ததற்கு அதுதான் அத்தாட்சி. ஆஸ்பத்திரியில் வேறு மாதிரிச் சொன்னதையும் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம், முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு. எந்த நாள் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், எனக்கு வேலை இல்லாத நாளாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.