பத்து வருட ஹார்டு டிஸ்க் போகப் போகிறது போலிருக்கிறது, மாற்றாக எதை வாங்குவது?

பழைய_பெட்டி:
வணக்கம். வீட்டில் 2014-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இருக்கிறது. ஐ3-4130 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஒரு மாதமாக, ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை முழுசாக வந்திருக்காது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்றே நிற்கிறது. மூன்று நாளாக எப்போதாவது 'டிக்' என்று ஒரு சத்தம் வேறு.

பக்கத்துக் கடையில் காட்டினேன். "டிஸ்க் போச்சு சார். 1 டிபி என்விஎம்இ போட்டுடலாம், சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் வேகமான ரகம். உங்க போர்டில் அதுக்கு இடம் இல்லை, ஒரு கார்டு தனியா வரும். பெட்டியை விட்டுட்டுப் போங்க, ஃபார்மட் போட்டு நாளைக்குத் தர்றோம்" என்றார்கள். ஃபார்மட் என்ற சொல் காதில் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போன வருடம் தவறிய அப்பா பேசிய பதிவுகளும் சில உண்டு. வேறு எங்கும் பிரதி இல்லை. திட்டாதீர்கள், வீட்டில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

என்விஎம்இ வாங்கலாமா, இல்லை பழையபடி ஹார்டு டிஸ்க்கே போதுமா? பழையதை அப்படியே புதியதற்கு நகல் எடுக்க முடியுமா?

ஸ்பேனர்_சித்தப்பா:
தம்பி, வாங்குவது அப்புறம். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவிலிருந்து ஓட்டி, 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் கடைசி எண்ணை இங்கே எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதுவரை அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள்.

கணினி_காதலன்:
சிஎம்டியை அட்மின் ஆகத் திறந்து சிஎச்கேடிஎஸ்கே போட்டு, கூட /ஆர் சேர்த்து ஓட்டுங்க. எனக்குச் சரியாகிவிட்டது.

ஸ்பேனர்_சித்தப்பா:
வேண்டவே வேண்டாம். அது டிஸ்க் முழுக்க ஒவ்வொரு இடமாகப் படித்துப் பார்த்து, கோப்பு முறையைத் திருத்தி எழுதும். நல்ல டிஸ்க்கில் கரண்ட் போய் வந்த குழப்பம் என்றால் அது சரி. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் அப்படி ஓட்டினால், படங்களை எடுக்க மிச்சம் இருந்த தெம்பும் போய்விடும். உங்களுடையது பிழைத்தது உங்கள் நல்ல நேரம்.

பழைய_பெட்டி:
பார்த்துவிட்டேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05-இல் 10, சி5-இல் 58, சி6-இலும் 58, சி7-இல் பூஜ்யம். ஓடிய நேரம் 27,400 மணி. 58 என்பது பெரிதா சித்தப்பா?

ஸ்பேனர்_சித்தப்பா:
அது 58 இல்லை, 88. அந்த மென்பொருள் கடைசி எண்ணை, நீங்கள் மாற்றிவைக்காத வரை, பதினாறின் அடிமானத்தில்தான் காட்டும். அதே கணக்கில் 05-இல் இருப்பது 16.

05 என்பது கெட்டுப்போய், உபரியாக வைத்திருந்த இடத்துக்கு ஏற்கெனவே மாற்றிவிடப்பட்டவை. அதைக்கூட மன்னிக்கலாம். சி5 என்பது டிஸ்க் படிக்க முயன்று முடியாமல் 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கிவைத்தவை. அப்படி 88 இடங்கள். அதில் ஒன்று விண்டோஸ் கோப்பில் விழுந்தாலும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். 100% என்று நிற்பதற்குக் காரணம் அதுதான். சி7 பூஜ்யம் என்பதால் கேபிள் மேல் பழி போட முடியாது. கேபிள் கோளாறு என்றால் ஏறுவது அந்த எண்தான்.

இன்றே ஒரு 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். எஸ்எஸ்டியை நாளைக்கு வாங்கினால் போதும். முதலில் அப்பாவின் பதிவுகள், அடுத்து படங்கள், அப்புறம் ஆவணங்கள். சின்னச் சின்ன ஃபோல்டராக நகலெடுங்கள். ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அங்கேயே மல்லுக்கட்ட வேண்டாம். சினிமா, விளையாட்டு இதெல்லாம் போனால் போகட்டும்.

'டிக்' சத்தம் விடாமல் வர ஆரம்பித்து, டிஸ்க்கே தெரியாமல் போனால் உடனே கரண்டை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நாம் கை வைக்கிற வேலை இல்லை, தகவல் மீட்பு செய்பவர்களிடம்தான் போக வேண்டும்.

ரிச்சி_தெரு_ரசிகன்:
வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். அண்ணா, கடையில் சொன்ன கார்டை விட்டுவிடுங்கள். எச்81 போர்டில் இருக்கும் சின்ன பிசிஐஇ துளை இரண்டாம் தலைமுறை, ஒற்றைத் தடம். நொடிக்கு 500 எம்பிக்கு மேல் போகாது. ஹார்டு டிஸ்க் மாதிரியே கேபிளில் மாட்டும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 550 எம்பி தொடும். அதாவது கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த வேகம். கிராபிக்ஸ் கார்டு போடும் பெரிய துளையில் செருகினால் வேகம் வரும்தான். ஆனால் அந்தக் காலத்து போர்டுகளில் பெரும்பாலானவற்றின் பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) என்விஎம்இயிலிருந்து பூட் ஆகவே தெரியாது. விண்டோஸ் போட முடியாமல் முழிப்பீர்கள்.

உங்களுக்கு வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜிபி போதும். கடையில் 'எம்.2 சாட்டா' என்று ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். பெயரில் சாட்டா இருந்தாலும் அது குச்சி வடிவம், உங்கள் போர்டில் செருக இடம் கிடையாது. கூடவே ஒரு சாட்டா டேட்டா கேபிள் கேட்டு வாங்குங்கள், எஸ்எஸ்டி பெட்டியில் வராது. 3.5 அங்குல இடத்தில் பொருத்தும் தகடு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு கேபினட் சுவரில் ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை, கைக்குட்டை கனம்தான்.

போர்டில் நான்கு சாட்டா துளைகள் இருக்கும். எச்81-இல் இரண்டுதான் நொடிக்கு 6 கிகாபிட் வேகம், மற்ற இரண்டும் 3 கிகாபிட். போர்டு மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், பார்த்துச் செருகுங்கள். என் தம்பி வீட்டில் இரண்டு வருடம் தப்பான துளையில் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை!

கணினி_காதலன்:
படங்கள் வைக்க இன்னொரு உள் ஹார்டு டிஸ்க்கும் வாங்கலாமா? எஸ்எம்ஆர் டிஸ்க் வாங்காதே என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே.

ரிச்சி_தெரு_ரசிகன்:
எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றைத் திருத்த வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். 2020-இல் டபிள்யூடி ரெட் டிஸ்க்குகளில் சிலவற்றில் இது இருப்பது தெரிய வந்து பெரிய சண்டையே நடந்தது. அவை என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க்கில் பொதுவாக வைக்கும் டிஸ்க் பெட்டி) போடுவதற்கென்று விற்றவை, அதனால் அந்தக் கோபம் நியாயம். ஒரு தடவை படத்தைப் போட்டு எப்போதாவது எடுத்துப் பார்க்கும் வீட்டுக்கு எஸ்எம்ஆர் ஒரு குறையே இல்லை. விண்டோஸ் மட்டும் அதில் போடாதீர்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 'புதுசு மாதிரி' என்று மலிவாக விற்கும் டிஸ்க்குகள். வாங்கியதும் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். அதையும் பூஜ்யமாக்கி விற்கிற ஆட்கள் உண்டு என்பதால் வாரண்டி, பில் இரண்டும் இல்லாமல் கையில் வாங்காதீர்கள்.

பழைய_பெட்டி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். படங்கள் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டன. பதினோரு படங்கள் பாதி சாம்பல் நிறமாக இருக்கின்றன, இரண்டு கோப்புகள் வரவே இல்லை. 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கினேன். விண்டோஸில் 465 ஜிபி என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களோ என்று பில்லை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டேன். மனைவி கணக்குப் போட்டுக் காட்டி நிறுத்தினார். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதானாம்.

நகல் எடுக்கும் மென்பொருள் பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அதனால் எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகவே போட்டேன். பறக்கிறது. சரி, வேலை முடிந்தது என்று பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் பூட் டிவைஸ் இல்லை என்கிறது! திரும்ப மாட்டினால் வருகிறது. இது என்ன கூத்து?

ஸ்பேனர்_சித்தப்பா:
விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கும் மாட்டியே இருந்ததா? அங்கேதான் வினை. அதில் ஏற்கெனவே பூட் பகுதி இருப்பதைப் பார்த்து, விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளை அதிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. வீடு புதிது, சாவி பழைய வீட்டில். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

எஸ்எஸ்டியில் இன்னும் உங்களுடையது எதுவும் இல்லையே? கட்டளைகள் கொடுத்துச் சரிசெய்வதைவிட மறுபடி போடுவது சுலபம். பழைய டிஸ்க், எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பூட் மெனுவில் உங்கள் பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்டியில் இருக்கும் பகுதிகளை எல்லாம் அழித்து, காலி இடத்தைக் காட்டி அடுத்தது கொடுங்கள். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வராத இரண்டு கோப்புகள் எவை?

பழைய_பெட்டி:
ஒன்று ஏதோ கல்யாண வீடியோ. இன்னொன்று அப்பாவுடையது.

ஸ்பேனர்_சித்தப்பா:
பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் வேலை முடிந்ததும் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட், அது உள்ள பென் டிரைவிலிருந்து பூட் செய்து, பழைய டிஸ்க்கைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்யுங்கள், அதாவது எதுவும் எழுத முடியாதபடி திறவுங்கள். டிடிரெஸ்கியூ என்று ஒரு கருவி இருக்கிறது. விண்டோஸ் நகலெடுக்கும்போது ஒரு இடம் படிக்கவில்லை என்றால் கோப்பையே கைவிட்டுவிடும். இது வருகிற இடத்தை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, வராத இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி மறுபடி போய்ப் பார்க்கும். அந்த ஒரே கோப்பை மட்டும் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். குறிப்புக் கோப்பின் பெயரையும் கட்டளையில் கொடுக்க மறக்காதீர்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ரிச்சி_தெரு_ரசிகன்:
எப்படியும் மின்ட் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள், பிடித்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் நான்காம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது.

பழைய_பெட்டி:
சித்தப்பா சொன்னபடி மறுபடி போட்டேன். பழைய டிஸ்க் இல்லாமலே அரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. மின்ட்டை மகள் கேட்கிறாள், அதில் கிடைக்கும் விளையாட்டுக்காக.

நேற்று இரவு டிடிரெஸ்கியூ ஓட்டினேன். கல்யாண வீடியோவை விட்டுவிட்டேன், யார் கல்யாணம் என்றே தெரியவில்லை. அப்பாவின் பதிவு வந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு இடத்தில் இரண்டு நொடி கரகரவென்கிறது. அந்த இடத்தில் அம்மாவைக் கூப்பிடுகிறார். என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று அம்மாவுக்குத் தெரியும்.