பதில்: டெம்ப்ளேட் லேயர் – வார்ப்புருவா, கொழுகொம்பா?

எல்லாருக்கும் வணக்கம். சூரிய மின்கலத்துல, மேல படியுற மூலக்கூறு எப்படிக் கிடக்கணும்னு தீர்மானிக்க முதல்ல அடியில போடுற மெல்லிசான பூச்சுதான் டெம்ப்ளேட் லேயர். அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டிருந்தேன். திங்கக்கிழமை மாணவர்களுக்குக் குறிப்பு கொடுத்தாகணும், அதனால நேத்து வந்த மடல்களுக்கு ஒண்ணா பதில் போடுறேன்.

> வார்ப்புரு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதையே வைங்க

ஐயா, வார்ப்புன்னா உருக்கி ஊத்துறது. இங்க யாரும் எதையும் ஊத்தல. வெற்றிடத்துல காப்பர் தாலோசயனின்ங்கிற நீலச் சாயப் பொருளைச் சூடாக்கினா ஆவியாப் போய்க் கண்ணாடி மேல படியுது. வெறும் கண்ணாடின்னா அந்தத் தட்டை மூலக்கூறு விளிம்பை ஊனி ஏறக்குறைய நிமிர்ந்து நிக்கும், முதல்ல காப்பர் அயோடைடை மெல்லிசா படிய விட்டுட்டா அதே மூலக்கூறு படுத்துக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும். படுத்தாத்தான் நேரா விழுற வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், மின்னூட்டமும் மேலும் கீழுமா சுலபமா ஓடும், சூரிய மின்கலத்துக்கு வேண்டியதே அதான். அடியில இருக்குறது உருவம் கொடுக்கல, எப்படிக் கிடக்கணும்னு தீர்மானிக்குது. சொல்லுல அது தெரியணும்.

> கொழுகொம்பு! முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி மரபு நம்மது

அக்கா, அழகான சொல், மறுக்கல. கொழுவுன்னா பற்று, மாட்டு. இலங்கைத் தமிழ்ல சட்டையைக் கொழுவுறாங்க, கொழுக்கியும் அதே வேர்தான். நானோ தூண் வளர்க்குற இடத்துல ஓரளவு பொருந்தும் கூட. வெளிச்சம் பட்டதும் உண்டாகுற எலக்ட்ரான்-துளை ஜோடி, அதாவது எக்சிட்டான், சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும், அதுக்குள்ள அடுத்த பொருளோட எல்லையைத் தொடலேன்னா வீணாப் போயிடும், அதனாலதான் தூண் தூணா வளர்த்து இடைவெளியை மற்றப் பொருளால நிரப்பப் பாக்குறாங்க. ஆனா கொடி கொம்பைப் பிடிச்சு ஏறும், தாலோசயனின் படுக்கணும். பையன் நேர்மாறா புரிஞ்சுக்குவான்.

> சேதனமா கரிமமா, குறைகடத்தியில க் மிகுமா

ஆர்கானிக்குக்கு எங்க பாடநூல்ல கரிமம். ஒற்றுக்குத் தனி இழை தொடங்குங்க, இதுல வேணாம். ஆனா ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன், பூச்சு படியுற அடிப்பரப்பான சப்ஸ்ட்ரேட்டுக்கு 'அடிமூலக்கூறு'ன்னு எழுதாதீங்க. "அடிமூலக்கூறின் மேல் மூலக்கூறு படிகிறது"ன்னு எழுதினா எது எதுன்னு எவனுக்குப் புரியும்? அடித்தளம் போதும்.

என் முன்மொழிவு நெறியடுக்கு. நெறின்னா ஒழுங்கு, வழி ரெண்டும் வருது, நிக்க வைக்குற பூச்சுக்கும் படுக்க வைக்குற பூச்சுக்கும் ஒத்துவரும். தனிமடல்ல ரெண்டு மூணு பேர் "சரி, இதோட விடுங்க"ன்னுட்டாங்க. குறிப்புல நெறியடுக்கு போட்டு, பக்கத்துல டெம்ப்ளேட் லேயர்னும் எழுதிடுறேன். ஐயா வார்ப்புருவை விடமாட்டேன்னு காலையில மறுபடி எழுதியிருக்கார், அதுக்கான பதில் பாடம் முடிஞ்சப்புறம்.