கண்டியூர் டீக்கடையில் ஸ்பீடு 400

தஞ்சாவூரிலிருந்து:

மைத்துனனின் டிரையம்ப் ஸ்பீடு 400 பைக்கை வாங்கிக்கொண்டு திருவையாற்றுக்குப் போனேன், அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று பாலம் பாலமாகக் கடந்து, கண்டியூரில் டீக்கு நிறுத்தினோம்.

பெஞ்சில் இருந்த பெரியவர் பம்புசெட் மெக்கானிக். கிளாசை வைத்துவிட்டு எஞ்சினுக்கு எதிரே குந்திவிட்டார்.

"தம்பி, சிலிண்டரைச் சுற்றித் தகடு இருக்கிறது, முன்னால் ரேடியேட்டரும் இருக்கிறது. சூட்டை ஆற்றுவது காற்றா, தண்ணீரா?"

வண்டிக்குச் சொந்தக்காரனான மைத்துனன் விழித்தான். தண்ணீர்தான் என்று நான் சொன்னேன். 2023-இல் வந்த வண்டி. காற்றில் ஆறிய பழைய இங்கிலாந்து வண்டிகளின் சாயல் வேண்டும் என்றுதான் தகடுகளை வைத்திருக்கிறார்கள், ரேடியேட்டரையும் கண்ணில் உறுத்தாமல் ஒடுக்கியிருக்கிறார்கள். எனக்கு இந்த வேஷத்தில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பெரியவருக்கு இல்லை. "கோலம் வாசலுக்கு அழகுதானே" என்றார்.

"எத்தனை குதிரை?"

"நாற்பது, ஐயா. நிமிடத்துக்கு 8000 சுற்றில்."

"நம் வயல் மோட்டார் ஐந்து. இந்த ஒற்றைச் சிலிண்டருக்குள் எட்டு மோட்டாரா?"

398 சிசிதான். ஆனால் சிலிண்டரின் விட்டம் 89 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 64 மி.மீ. மட்டுமே. விரல்களால் காற்றில் அளந்து பார்த்தார். "குட்டை, பருமன். போய்வரும் தூரம் குறைவு, அதனால் வேகமாகச் சுற்றும். சரி, மெதுவாகப் போனால் இழுக்குமா?"

அதற்குக் குடமுருட்டிப் பாலம் பதில் சொன்னது. வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மூன்றாவது கியரிலேயே ஊர்ந்தேன். வழி கிடைத்ததும் கியர் குறைக்காமல் முறுக்கினேன். முக்கவில்லை, சட்டென்று எழுந்து போனது. 37.5 நியூட்டன் மீட்டர் இழுவையின் உச்சம் 6500 சுற்றில்தான் என்றாலும், அதில் நல்ல பங்கு குறைந்த சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. திரும்பும்போது பெரியவரிடம் சொல்ல நினைத்தேன், கடையில் அவர் இல்லை.

நீடாமங்கலத்திலிருந்து:

என்னிடமும் இதே வண்டிதான். தை மாதம், பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே பஸ் வந்ததால் ஓரமாக நெல்லில் ஏற்றினேன். பின்சக்கரம் வழுக்கிய கணமே, வழுக்கலை அடக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலின் விளக்கு மின்னி, எஞ்சினின் இழுவை தானாகக் குறைந்தது. வண்டியை நிறுத்தி அந்த விளக்கை வியந்துகொண்டிருந்தபோது, நெல்லுக்குச் சொந்தக்கார அம்மாள் துடைப்பத்தோடு வந்துவிட்டார்.